ஐந்தாம் நாள் முட்டை

அமராவதி காரிலிருந்து இறங்கியபோது அவளுக்கு முன்னால் கூடைதான் இறங்கியது. பழைய நாளிதழைக் கிழித்துப் பரப்பி அதன்மேல் பதினெட்டுக் கம்பத்துக்கோழி முட்டைகளை அடுக்கியிருந்தாள். புக்கிட் பெருந்துங்கிலிருந்து புக்கிட் பெலிம்பிங் வரைக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்தக் கூடையை மடியைவிட்டு இறக்கவே இல்லை. கணவர் பாலகிருஷ்ணன் ஓட்டிய ஓட்டத்துக்கு ஒரு முட்டைகூட விரிசல் விடவில்லை என்று வாசலிலேயே பெருமையாகச் சொன்னாள். நாட்டுக்கோழியைத்தான் நாங்கள் கம்பத்துக்கோழி என்போம். எல்லாம் அவள் வீட்டுக் கோழிகள் இட்டவை. விற்கலாம் என்று ஒரு வாரமாகச் சேர்த்து வைத்தவை.

வாசலில் நின்ற கலாவதி சிரித்த முகத்தோடு கூடையை வாங்கினாள். முட்டைகளைப் பார்க்காமலே உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.

அன்று மத்தியானம்தான் கலாவதியின் ஒரே மகள் நித்தியா பெரியவளானாள். பன்னிரண்டு வயது. பள்ளி விடுமுறை தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. செய்தி போன உடனே தாய்மாமன் வீட்டார் கிளம்பி வந்துவிட்டார்கள். பாலகிருஷ்ணன் கலாவதியின் அண்ணன், அமராவதி அண்ணி. எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளை ஆளானால் தாய்மாமன் மனைவி முட்டையோடு வரவேண்டும். ஒன்பது நாள், பொழுது விடிவதற்குள், வெறும் வயிற்றில் ஒரு பச்சை முட்டை. நுனியில் தட்டித் துளை போட்டு அப்படியே வாயில் ஊற்றுவார்கள். அதே ஓட்டில் நல்லெண்ணெயை ஊற்றி அதையும் குடிக்கச் சொல்வார்கள். அப்புறம் உளுந்தங்களி. இதெல்லாம் இடுப்பெலும்புக்கு வலு என்று எல்லாரும் சொல்வார்கள். யாருடைய இடுப்பெலும்பையும் யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. ஆனாலும் வேண்டாம் என்று சொன்ன வீட்டை நான் பார்த்ததில்லை.

கலாவதிக்கும் சொல்லத் தெரியவில்லை. சொல்ல வேண்டிய காரணமோ பெரிய காரணம். அதை மறைத்துப் பதினான்கு மாதமாகிறது.

போன வருடம் ஒரு காலையில் நித்தியா கண்ணைத் திறக்க முடியாமல் முகம் வீங்கி எழுந்தாள். பூச்சி கடித்திருக்கும் என்று மருந்து தடவினார்கள். மறுநாள் காலும் வீங்கியது. பெரிய ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் படுக்க வைத்தார்கள். உடம்பில் நிற்க வேண்டிய புரதம் சிறுநீரகத்தின் வழியே ஒழுகிப் போகிறது என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள், வீக்கம் வடிந்தது. மாத்திரையைக் குறைத்தால் திரும்பவும் வீங்கியது. அன்றிலிருந்து தினமும் காலையில் மகளின் சிறுநீரில் ஒரு காகிதப் பட்டையை முக்கி, அது எந்த அளவுக்குப் பச்சையாகிறது என்று பார்ப்பது கலாவதியின் முதல் வேலை. சாப்பாட்டில் உப்பை அறவே குறைத்தாள். மாத்திரையில் நித்தியாவுக்குக் கன்னம் இரண்டும் உப்பி முகம் வட்டமாகிவிட்டது.

ஆஸ்பத்திரியில் ஒரு தமிழ் மிஸ்ஸி இருந்தார். தாதியை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். வீட்டுக்கு அனுப்பும் அன்று அந்த மிஸ்ஸி கலாவதியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்று பொறுமையாகச் சொன்னார். முட்டையைப் பற்றிச் சொன்னது கலாவதிக்கு இன்றைக்கும் வரி பிசகாமல் ஞாபகம் இருக்கிறது.

“முட்ட நல்லதும்மா, பிள்ளைக்குப் புரதம் வேணும். ஆனா நல்லா வெந்திருக்கணும். வேக வெச்சா ஒடம்பு அதுல உள்ளத ஏறக்குறைய முழுசா எடுத்துக்கும், பச்சையா குடிச்சா பாதிதான் எடுக்கும். அதுகூடப் போவட்டும். பச்ச முட்டையில கிருமி இருந்துச்சுன்னா ஒங்களுக்கு நாலு நாள் வயித்தால போவும், அப்புறம் சரியாயிரும். இவ சாப்பிடற மாத்திர ஒடம்போட எதிர்ப்பு சக்திய அமுக்கி வெச்சிருக்கு. இவளுக்கு அது ரத்தத்துல ஏறிடும். அரவேக்காடும் கூடாது. பச்ச முட்ட, வாயிலயே வெக்கக் கூடாது.”

கலாவதிக்கு இது புதிதல்ல. அவள் தமிழ்ப்பள்ளிக் கேண்டீனில் வேலை செய்கிறவள். தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாவுக்குத் தினமும் நூறு முட்டையை ஒற்றைக் கையால் உடைத்து ஊற்றுகிறவள். கேண்டீன் வேலைக்குச் சேரும்போதே டைபாய்டு ஊசி போட்டு, ஒரு நாள் முழுக்க உட்கார வைத்து, முட்டை ஓட்டில் என்னென்ன ஒட்டியிருக்கும் என்று படம் காட்டியிருந்தார்கள். அன்றைக்குத் தூங்கி வழிந்த பெண்கள் பலர். கலாவதி விழித்துக்கொண்டு கேட்டவள்.

மறைக்கச் சொன்னது அவள் கணவர் காளியண்ணன். அவர் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தை இடித்தபோது கிடைத்த இந்தச் சின்ன வீட்டை ஓடு மாற்றி, கதவு மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக வீடாக்கியவர். கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று லோரிச் சாவியை மேசையில் வைத்துவிட்டு மனைவியிடம் சொன்னார்.

“கிட்னின்னு ஒரு வார்த்த இந்த வாசலத் தாண்டுச்சுன்னா, நாளைக்கி இவளக் கேட்டு ஒருத்தன் வர மாட்டான் கலா. ஒங்கண்ணன் வீட்டுக்கும் சேத்துத்தான் சொல்றேன்.”

பள்ளிப் பையையே ஒழுங்காக அடுக்கத் தெரியாத பிள்ளைக்கு மாப்பிள்ளை வராமல் போவதைப் பற்றி அவர் கவலைப்பட்டார். நமக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் அவருடைய பெரியப்பா மகள் மாதவிக்கு வலிப்பு உண்டென்று நிச்சயதார்த்தம் முடிந்த பிறகு தெரிந்து, மாப்பிள்ளை வீட்டார் சீர்த்தட்டுகளைத் திருப்பி அனுப்பியபோது, அவற்றை வாசலில் நின்று வாங்கி வைத்தவர் இவர்தான். மாதவிக்கு இன்றுவரை கல்யாணமாகவில்லை. அதனால் மாத்திரைகள் பிஸ்கட் டின்னுக்குள் போயின. கேட்டால் வைட்டமின். கன்னத்தைப் பார்த்து யாராவது கேட்டால், நல்ல சாப்பாடு.

அன்றைக்கு அமராவதியும் அதைத்தான் சொன்னாள். மஞ்சள் தண்ணீர் ஊற்றி, புதுப் பாய் விரித்து, நித்தியாவை அறையில் உட்கார வைத்துவிட்டு அவள் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள். பிள்ளையைக் கலா நன்றாக வளர்த்திருக்கிறாள், தன் கண்ணே பட்டுவிடும் போலிருக்கிறது என்று சொல்லி நெட்டி முறித்தாள். நித்தியா அம்மாவைப் பார்த்தாள். கலாவதி சுவரைப் பார்த்தாள்.

பாலகிருஷ்ணனுக்கு மறுநாள் தொழிற்சாலையில் வேலை. அவர் இரவுக்குள் திரும்பிப் போனார். அமராவதி பதினோரு நாளும் தங்குவதாக முடிவு செய்து துணிப்பையோடு வந்திருந்தாள்.

முதல் நாள் காலை ஆறரைக்கே அவள் குளித்துவிட்டு அடுப்படியில் நின்றாள். வெளியே இன்னும் இருட்டு. முந்திய நாள் மழையில் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. முட்டையைக் கழுவி, கரண்டிக் காம்பால் பக்குவமாகத் தட்டி, துளை போட்டாள். கலாவதி பின்னால் போய் நின்றாள். பிள்ளைக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆள் பார்த்தால் ஓங்கரித்துவிடுவாள், நானே உள்ளே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

எங்காவது ஊற்றிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தாள். அறையில் தொட்டி இல்லை. ஜன்னலுக்கு வெளியே ஊற்றலாம் என்றால் கொசுவலை அடித்திருந்தது. துணியில் ஊற்றினால் வாடை வரும், துவைக்கப் போவது அண்ணிதான். கதவுக்கு வெளியே அமராவதி எண்ணெய்ப் போத்தலோடு நின்று, குடிச்சிட்டாளா, ஓட்டைக் கொடு என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கலாவதி மகளைப் பார்த்தாள். பிறகு அண்ணாந்து முட்டையைத் தன் வாயிலேயே ஊற்றிக்கொண்டாள். வழுவழுவென்று தொண்டையில் இறங்கியது. கண்ணில் தண்ணீர் வந்தது. ஓட்டில் வந்த எண்ணெயையும் அவளே குடித்தாள். நித்தியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். களியை மட்டும் பிள்ளை சாப்பிட்டாள்.

கலாவதியின் கணக்கு எளிமையானது. பெரியவர்களுக்கு ஒன்றும் ஆகாது. அண்ணிக்கு மனக்குறை வராது. கணவர் பேச்சையும் மீறவில்லை. ஒன்பது நாளை இப்படியே ஓட்டிவிடலாம். அப்படித்தான் இரண்டாம் நாளும் ஓடியது.

பகலெல்லாம் அமராவதி சும்மா இருக்கவில்லை. உளுந்தை ஊறப்போட்டுத் தோல் நீக்கினாள். கொல்லையில் கிடந்த மட்டைகளை இழுத்துப் போட்டாள். வீட்டிலிருந்த துணி எல்லாவற்றையும் துவைத்து, மழைக்கு முன் உலர்த்திவிட வேண்டும் என்று வானத்தோடு பந்தயம் போட்டாள். இருபது வருடம் தோட்டத்தில் செம்பனை உதிரிப் பழம் பொறுக்கிய உடம்பு. குனிந்தால் அரைமணி நேரம் நிமிராது. கலாவதிக்கு அம்மா சிறு வயதிலேயே போய்விட்டாள். அண்ணனுக்குக் கல்யாணமாகி வந்த அமராவதிக்கு அப்போது இருபத்திரண்டு வயது, கலாவதிக்குப் பதினொன்று. தலைக்குப் பேன் பார்த்ததிலிருந்து கல்யாணத்துக்குத் தாலிக்கொடி பார்த்தது வரைக்கும் எல்லாம் அண்ணிதான். அமராவதிக்குப் பிள்ளை இல்லை.

மூன்றாம் நாள் பிற்பகல் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது கலாவதி சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். வயிறு அன்று காலையிலிருந்தே ஒரு மாதிரியாக இருந்தது. இன்னும் ஆறு முட்டை பாக்கி இருப்பதை நினைத்தாலே குமட்டியது.

“அண்ணி, இப்பல்லாம் பச்ச முட்ட கூடாதுங்கறாங்க. கேண்டீன்லகூட சொல்லிக் குடுத்தாங்க. கிருமி இருக்குமாம். வேக வெச்சிக் குடுத்தாலும் அதே சத்துத்தானாம்.”

“வேக வெச்சா சத்து செத்துப்போவும் கலா. கடயில விக்கிற முட்டையில கிருமி இருக்கும்லா, எங்கோழி முட்டையில என்னா கிருமி? நீ வயசுக்கு வந்தப்ப லயத்துல முட்டைக்கு எங்க போறது? எங்கிட்ட ஒரு கோழி கெடையாது. மண்டோர் வீட்டுல ரெண்டு, ஆயாக்கொட்டாயில ஒன்னு, அப்படி வாங்கி வாங்கி ஒம்போது முட்ட சேத்தேன். ஒனக்கு என்னா ஆச்சு? சுகப்பிரசவமா பெத்தியா இல்லையா?”

மண்டோர் என்றால் தோட்டத்துக் கங்காணி, ஆயாக்கொட்டாய் என்றால் வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப் போகும் இடம். அவள் வெங்காயத் தோலைக் கையால் ஒதுக்கினாள்.

“எனக்குன்னு ஒன்னும் நடக்கல. இந்த ஒரு காரியமாச்சும் எங்கையால நடக்குதேன்னு இருக்கு. கோழி வாங்கி விட்டப்பவே நித்தியாவுக்குன்னுதான் நெனச்சி விட்டேன்.”

கலாவதி உரித்த வெங்காயத்தையே திரும்ப உரித்தாள். சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டாள். முட்டையை விழுங்குவதைவிட அது கஷ்டமாக இருந்தது.

நான்காம் நாள் முட்டையைக் குடித்த ஒரு மணி நேரத்தில் அவளுக்கு வயிறு முறுக்கிப் பிடித்தது. மத்தியானத்துக்குள் ஏழு முறை கழிவறைக்குப் போய் வந்தாள். சாயங்காலம் குளிர்க்காய்ச்சல். காளியண்ணன் வேலை முடிந்து வந்ததும் அவரிடம் விஷயத்தைச் சொல்லி, இன்றைக்காவது அண்ணியிடம் உடைத்துவிடலாம் என்று கெஞ்சினாள். அவர் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். முகம் வாடிவிட்டது. ஆனாலும், இன்னும் அஞ்சு நாள்தானே, ஏதாவது சாக்குச் சொல்லு, நாளையிலேர்ந்து நான் வேணும்னா குடிச்சிக்கிறேன் என்றார். அவர் காலை ஐந்து மணிக்கு லோரி எடுக்கிறவர். ஆறரை மணி முட்டையை அவர் எப்படிக் குடிப்பார் என்று இருவருமே யோசிக்கவில்லை.

ஐந்தாம் நாள் காலை ஆறு மணிக்குக் கலாவதி குளியலறை வாசலில் மயங்கி விழுந்தாள். அமராவதி போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு விமலா ஓடிவந்தாள். தண்ணீர் தெளித்து எழுப்பி, விமலாவின் காரில் ஏற்றினார்கள். கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு கலாவதி அண்ணியிடம் சொன்னாள்.

“அண்ணி, முட்ட வேணாம். நா வந்து குடுத்துக்கறேன்.”

“நீ மொதல்ல போ. நா இல்ல? நா பாத்துக்கறேன்.”

அந்த நா பாத்துக்கறேன் என்ற வார்த்தை பட்டணம் போகும்வரைக்கும் கலாவதியின் காதுக்குள்ளேயே கிடந்தது.

கோலசிலாங்கூரில் விடிய விடியத் திறந்திருக்கும் ஒரு கிளினிக். இளம் டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், காய்ச்சல் பார்த்தார். முப்பத்தொன்பதுக்கு மேல். கையில் ட்ரிப் ஏற்றிவிட்டு, கடந்த நான்கு நாளில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். கலாவதி சொன்னாள். டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். முட்டையால்தான் இருக்கும், பரிசோதனை செய்தால் தெரியும், வீட்டில் வேறு யாரும் அதே முட்டையைப் பச்சையாகக் குடித்தார்களா என்று கேட்டார்.

சுவர்க் கடிகாரத்தில் ஆறு முப்பத்தைந்து.

கலாவதி விமலாவின் போனை வாங்கி அமராவதிக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அமராவதியின் போன் எப்போதும் துணிப்பைக்குள் கிடக்கும். சடங்குக்கு உட்கார வைத்த அன்றே நித்தியாவின் போனை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டியது கலாவதிதான். காளியண்ணனுக்கு அடித்தாள். அவர் ஆலை வாசலில் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். இன்ஜின் சத்தத்துக்கு நடுவே அவர் சொன்னது தெளிவாகக் கேட்டது.

“விமலா வீட்டுல யாரையாச்சும் அனுப்பி முட்ட குடுக்க வேணாம்னு சொல்லச் சொல்லு. காரணம் சொல்ல வேணாம் கலா. நான் வந்து…”

அவர் பேசி முடிக்கும் முன் அவள் போனை வைத்தாள். விமலா தன் வீட்டுக்கு அடித்துப் பார்த்தாள். அவள் கணவர் வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டார். கலாவதி கையிலிருந்த பிளாஸ்டரை உரித்தாள். டாக்டர் கூடாது என்று தடுத்தார். அவருக்குப் பதில் சொல்ல அவளுக்கு நேரம் இல்லை. நர்ஸ் ஓடிவந்து ஊசியை ஒழுங்காக எடுத்துப் பஞ்சு வைத்து அமுக்கினாள். பஞ்சைப் பிடித்துக்கொண்டே கலாவதி காரில் ஏறினாள்.

பட்டணத்திலிருந்து வீட்டுக்குப் பதினைந்து நிமிடம்தான். அன்று காலை சாலையில் நெரிசல். முன்னால் ஒரு டிராக்டர். இருபக்கமும் செம்பனை மரங்கள் மழையில் கறுத்து நின்றன. அக்கா, அழாதீங்க, பாப்பாவுக்கு விவரம் தெரியும், குடிக்க மாட்டா என்று விமலா சொல்லிக்கொண்டே ஓட்டினாள். விமலாவிடம் அப்போதுதான் கலாவதி எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். பதினான்கு மாதம் பூட்டி வைத்த வார்த்தை ஒரு டிராக்டருக்குப் பின்னால் போகும்போது வெளியே வந்துவிட்டது. சொல்லிவிட்ட பிறகு ஒன்றும் இடிந்து விழவில்லை என்பதைக் கவனிக்கிற நிலையில் அவள் இல்லை.

மகளுக்கு விவரம் தெரியும் என்பதுதான் அவளுடைய பயமே. கிட்னி என்று சொல்லக் கூடாது என்று அப்பா சொன்னால் அந்தப் பிள்ளை உயிர் போனாலும் சொல்லாது.

வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. கலாவதி சுவரைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் போனாள்.

நித்தியா பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். அமராவதி எதிரில் மண்டியிட்டு, ஒரு கையில் காலி ஓடும் மறு கையில் எண்ணெய்ப் போத்தலுமாக, முழுங்கு தங்கம், மூக்கைப் பிடிச்சிக்கிட்டு முழுங்கு என்று கொஞ்சிக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரமாக அப்படிக் கொஞ்சிக்கொண்டிருக்க வேண்டும். குரல் களைத்திருந்தது. பிள்ளையின் கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. உதட்டை இறுக்கி மூடியிருந்தாள். உதட்டோரத்தில் மஞ்சளாக ஒரு கோடு வழிந்தது. முழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. ஆஸ்பத்திரியில் சொன்னதால் முழுங்கக் கூடாது. அப்பா சொன்னதால் காரணம் சொல்லக் கூடாது. அத்தை மனம் நோகும் என்பதால் துப்பக் கூடாது. அந்த மூன்றையும் வாயில் வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் முட்ட அவள் அம்மாவைப் பார்த்தாள்.

“துப்பு,” என்றாள் கலாவதி.

அமராவதி திரும்பினாள். “என்னா கலா…”

“துப்புடி!”

நித்தியா பாயிலேயே துப்பினாள். கலாவதி அவளை இழுத்துக்கொண்டு குளியலறைக்குப் போய் வாயைக் கொப்பளிக்க வைத்தாள். ஒரு தரம், இரண்டு தரம், பத்துத் தரம். முழுங்கினியா, கொஞ்சமாச்சும் உள்ள போச்சா என்று உலுக்கினாள். பிள்ளை, தெரியலம்மா, தெரியலம்மா என்று அழுதாள். பின்னாலேயே வந்து நின்ற அமராவதியின் கையில் இன்னமும் காலி ஓடு இருந்தது. கலாவதி தரையில் உட்கார்ந்துவிட்டாள். அங்கிருந்தே சொன்னாள்.

“அவளுக்குக் கிட்னியில நோயி அண்ணி. பதினாலு மாசமா மாத்திர சாப்பிடறா. பச்ச முட்ட அவ வாயிலயே படக்கூடாது. நாலு நாளா நாந்தான் குடிச்சேன். ஒரு முட்டகூட அவ குடிக்கல.”

அமராவதி ஓட்டைத் தொட்டிக்குள் வைத்தாள். நித்தியாவின் கன்னத்தைப் பார்த்தாள். அந்தக் கன்னத்தைத்தான் அவள் நெட்டி முறித்து வழித்தெடுத்தாள்.

“எனக்குப் புள்ள இல்லங்கறது ஊருக்கே தெரியும். கல்யாணம், கருமாதி எங்க போனாலும் எம்மூஞ்சிக்கு நேரா கேப்பாங்க. அத யாரும் எனக்காவ மறைக்கல,” என்றாள். “ஒம்புள்ளைக்கு நோயின்னு எங்கிட்ட மறைச்சிருக்கிய கலா. எங்கையாலயே அவளக் கொன்னுருப்பேனேடி.”

கலாவதி அவள் காலைப் பிடிக்கப் போனாள். அமராவதி காலை இழுத்துக்கொண்டாள். அழவில்லை. பிள்ளைக்கு வேறு உடுப்பு மாட்டி, விமலாவிடம் காரைத் திருப்பச் சொல்லி, பிஸ்கட் டின்னை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். கலாவதி பின் சீட்டில் மகள் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். உள்ளே போயிருந்தால் மூன்று நாளுக்குள் தெரிந்துவிடும், காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் கொண்டுவர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். கலாவதிக்கும் மருந்து கொடுத்தார்கள். மாத்திரைகளைப் பற்றி, உப்பைப் பற்றி, காகிதப் பட்டையைப் பற்றி எல்லாவற்றையும் அமராவதி மிஸ்ஸியிடம் இரண்டு தரம் கேட்டுக்கொண்டாள். படிக்கத் தெரியாதவள், அதனால் எதையும் மறக்க மாட்டாள்.

அந்த மூன்று நாள் அந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. அமராவதி காய்ச்சல் பார்க்கும் கருவியோடு நித்தியா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் பார்த்து, எண்ணை வாசித்துச் சொல்லச் சொல்வாள். முப்பத்தாறு புள்ளி எட்டு. முப்பத்தேழு. முப்பத்தேழு புள்ளி மூன்று என்று நித்தியா வாசித்த ஒரு பிற்பகலில் காளியண்ணன் லோரிச் சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். கார் இல்லாத மனிதருக்கு அது ஒன்றுதான் வண்டி. அரைமணி கழித்துப் பார்த்தபோது முப்பத்தாறு புள்ளி ஒன்பது. அவர் வாசல்படியிலேயே உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அமராவதி அவரிடமும் பேசவில்லை, கலாவதியிடமும் பேசவில்லை. கஞ்சி காய்ச்சி இருவருக்கும் முன்னால் வைப்பாள், அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் இரவு கழிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. ரத்தத்தில் ஒன்றும் இல்லை.

அமராவதி அன்று கொல்லையில் குழி தோண்டிக் கூடையில் மிச்சமிருந்த பதின்மூன்று முட்டைகளையும் புதைத்தாள். தன் கோழிகளுக்குக்கூட அவள் இவ்வளவு ஆழமாகக் குழி தோண்டியிருக்க மாட்டாள். கலாவதி தள்ளாடி வந்து பக்கத்தில் நின்றாள். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அமராவதி முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தாள்.

“நாலு நாளும் குடிச்சியா? அந்த வாடையோட?”

“குடிச்சேன் அண்ணி.”

“சின்னப் புள்ளயில நீ ஒன்னு முழுங்கறதுக்கே லயத்தக் கூட்டுவ,” என்று சொல்லிவிட்டு மண்ணைத் தள்ளினாள்.

பதினோராம் நாள் வீட்டு முன் கூடாரம் போட்டுச் சடங்கு. நாற்பது பேர்தான். பாலகிருஷ்ணன் சீரோடு வந்திருந்தார். நித்தியாவுக்குச் சேலை கட்டி நாற்காலியில் உட்கார வைத்து, பெண்கள் ஒருவர் பின் ஒருவராக ஆலம் சுற்றினார்கள். காளியண்ணனின் தூரத்து அத்தை இராஜம்மாவின் முறை வந்தது. எதையும் மெதுவாகப் பேசத் தெரியாத கிழவி. குழந்தையின் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

“என்னா மொகம் இப்படி ஊதிக் கெடக்கு புள்ளைக்கு? ஒழுங்கா முட்ட குடுத்தீங்களா?”

சோற்றுப் பானையை இறக்கிக்கொண்டிருந்த காளியண்ணன் அப்படியே நின்றார். கலாவதி பழைய பதிலைச் சொல்ல வாய் திறந்தாள். அதற்குள் அமராவதி முன்னால் வந்துவிட்டாள்.

“ஊதல அத்தே. மருந்து சாப்பிடறா. கிட்னியில கோளாறு, ஆஸ்பத்திரியில பாக்கறாங்க, சரியாப் போவும். பச்ச முட்ட குடுக்கக் கூடாது. நாந்தான் தெரியாம வாயில ஊத்திட்டேன், சாமி காப்பாத்திச்சு.”

பாலகிருஷ்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அமராவதி காளியண்ணனைப் பார்த்தாள். எல்லாருக்கும் கேட்கும்படிதான் கேட்டாள்.

“இல்லையா தம்பி?”

காளியண்ணன் பானையைக் கீழே வைத்தார். கையைத் துண்டில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

“ஆமாக்கா,” என்றார்.

இராஜம்மா நித்தியாவின் கன்னத்தைத் தொட்டு, நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டு நகர்ந்தாள். அடுத்த பெண் ஆலத்தட்டை வாங்கினாள். யாரும் எழுந்து போகவில்லை.

பந்தி தொடங்கும் முன் அமராவதி அடுப்படியிலிருந்து ஒரு முட்டையைக் கிண்ணத்தில் வைத்துக் கொண்டுவந்தாள். கடை முட்டை. கடிகாரத்தைப் பார்த்துப் பன்னிரண்டு நிமிடம் கொதிக்க வைத்தது. தாய்மாமன் மனைவி கையால் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் விட அவளுக்கு மனமில்லை. உரித்து, இரண்டாக வெட்டி, மஞ்சள் கரு நன்றாகப் பொடியாக உதிர்கிறதா என்று விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு நித்தியாவுக்கு ஊட்டினாள். நித்தியா மென்றாள். வாய்க்குள் மாவாக அடைத்தது.

“அத்த, சப்புனு இருக்கு. கொஞ்சூண்டு உப்பு போடுங்க.”

“உப்பு கெடையாது,” என்றாள் அமராவதி. “பேசாம தின்னு.”